நெடுவழிப் பஸ் சேவையும் கட்டுப்பாடு நீக்கமும்

வீதி யாவர்க்கும் பொது. ஆயின், அவ்வீதியிலே ஒரு வண்டியை நிறுத்தி, வருவோரை ஏற்றி, ஆளுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்றுத் தொலைவிலுள்ள வேறோர் ஊரிற் கொண்டுபோய் இறக்கும் உரிமை யாவர்க்கும் பொதுவன்று. மோட்டார் வண்டி பெருகிய சில ஆண்டுகளுக்குள்ளேயே பல அரசுகள் அவ்வுரிமையைத் தம் கைக்குள் எடுத்துக்கொண்டன. எந்தப் பாதையில் யார் ஓடுவது, நாளொன்றுக்கு எத்தனை முறை ஓடுவது, எங்கே நிறுத்துவது, என்ன கட்டணம் அறவிடுவது என்பனவெல்லாம் சட்டத்தினாலும் அனுமதிப்பத்திரத்தினாலும் வரையறுக்கப்பட்டன. அரை நூற்றாண்டளவு இவ்வாறு நடந்த பின்னர், சில நாடுகள் அவ்வரையறைகளுள் முக்கியமானவற்றை அகற்றி நெடுவழிப் பஸ் சேவையைத் திறந்துவிட்டன. பிரித்தானியா 1980-இலும், அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1982-இலும், ஜேர்மனி 2013-இலும் இதனைச் செய்தன. இச்செயலையே பொருளியலார் கட்டுப்பாடு நீக்கம் என்பர்.

இதனை ஆதரித்தோர், போட்டி வரும், கட்டணம் குறையும் என்றனர். எதிர்த்தோர், சிற்றூர்கள் கைவிடப்படும், ஒழுங்கு குலையும் என்றனர். இரு சாரார் கூற்றிலும் ஓரளவு உண்மை இருந்தது. எனினும் இரு சாராரும் முன்னறிந்து கூறாத ஒன்றும் நிகழ்ந்தது. பாதை திறந்தது, பலர் வந்தனர், கட்டணம் வீழ்ந்தது, சில ஆண்டுகளுள் வந்தவருட் பெரும்பாலார் மறைய, ஒருவரே களத்தில் நின்றார். சட்டம் எல்லார்க்கும் திறந்த கதவு ஒருவர்க்கே பயன்பட்டது எவ்வாறு என்பதே இப்பொருளில் ஆராயத்தக்க வினா. அதற்கு விடை காணப் பிரித்தானிய வரலாறு பெரிதும் உதவும். ஆதலின் அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

முதலில், கட்டுப்பாடு என்னும் ஒரு சொல்லால் இரு வேறு பொருள்கள் குறிக்கப்படுதலை உணர்தல் வேண்டும். ஒன்று தரம் பற்றியது. வண்டி வீதியில் ஓடத் தக்கதா, சாரதி பயிற்சி பெற்றவரா, ஓய்வின்றி எத்தனை மணி நேரம் அவர் ஓட்டலாம், உரிமையாளரிடம் வண்டியைப் பேணுதற்குப் போதிய பணம் உண்டா என்பன இதன்பாற்படும். மற்றது தொகை பற்றியது. வண்டியும் சாரதியும் குற்றமற்றவராயினும், அப்பாதையில் இன்னொரு பஸ் வேண்டுமா என்று அரசு கேட்பது இது. நெடுவழிச் சேவையைத் திறந்த நாடுகள் நீக்கியது இரண்டாவதையே. முதலாவது எங்கும் நீக்கப்படவில்லை. இவ்வேறுபாடு மறக்கப்படுவதாலேயே இப்பொருள் பற்றிய வாதங்கள் பல பயனின்றி ஒழிகின்றன.

தொகைக் கட்டுப்பாடு வீம்புக்காக ஏற்பட்டதன்று. முதலாம் உலகப் போர் முடிந்ததும், படையிலிருந்து விலகியோர் பலர் இராணுவம் விற்ற பழைய லொறிகளை வாங்கி, மேலே இருக்கைகள் அமைத்துப் பஸ் தொழிலில் இறங்கினர். நிலையான நேர அட்டவணையுடைய கம்பனியின் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முன்னே சென்று, வழியிற் காத்துநிற்போரை வாரிக்கொண்டு போவது இவர்கள் வழக்கம். இலண்டன் மாநகரில் இத்தகையோரைக் கடற்கொள்ளையர் என்றே மக்கள் அழைத்தனர். பிரயாணிகள் நிறையும் வேளையில் நான்கு பஸ் போட்டியிட்டு ஓடும். மழை நாளிலும் இரவிலும் ஒன்றும் வாராது. 1925-இல் பிரிஸ்டல் நகருக்கும் இலண்டனுக்குமிடையே நாள்தோறும் ஓடும் நெடுவழிச் சேவை ஆரம்பமாகவே, புகையிரதக் கம்பனிகளும் அச்சங் கொண்டன. தண்டவாளத்தையும் பாலத்தையும் தம் செலவிற் பேணும் தமக்கு, பொது வீதியில் ஓடும் பஸ் நேர்மையான போட்டியாளனன்று என்பது அவர்கள் முறைப்பாடு.

1928-இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் ஆராய்வைத் தொடர்ந்து 1930-ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. அதனைக் கொண்டுவந்தவர் அப்போதைய தொழிற்கட்சி அரசின் போக்குவரத்து மந்திரி ஹேர்பேட் மொரிசன். நாடு பல பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் போக்குவரத்து ஆணையாளர் நியமிக்கப்பட்டனர். வண்டிக்கு ஓர் உத்தரவு, சாரதிக்கு ஓர் உத்தரவு, நடத்துநருக்கு ஓர் உத்தரவு என்பவற்றோடு, ஒவ்வொரு சேவைக்கும் தனியே ஓர் உத்தரவும் வேண்டும் என்றாயிற்று. இந்நான்காவதே தொகைக் கட்டுப்பாட்டின் உயிர்நிலை.

அவ்வுத்தரவை வேண்டியோர் ஆணையாளர் முன்னிலையில், நீதிமன்றத்தில் நிற்பார்போல நின்று, தம் சேவை பொதுமக்களுக்குத் தேவை என நிறுவுதல் வேண்டும். அதே பாதையில் ஏலவே ஓடும் கம்பனியும் புகையிரதக் கம்பனியும் எழுந்து ஆட்சேபம் கூறலாம். இதிலே நகைக்கத்தக்கதொரு செய்தியுண்டு. 1920-களின் இறுதி முதற் புகையிரதக் கம்பனிகள் பெரிய பஸ் கம்பனிகளிற் பங்கு வாங்கலாயின. ஆதலால், புதியவர் ஒருவர் வந்து நின்றபோது, வெவ்வேறு பெயருடன் எழுந்து ஆட்சேபித்த இருவரின் பணப்பை சில வேளை ஒன்றாகவே இருந்தது.

எனினும் இம்முறையின் பின்னே ஒரு நியாயம் இருந்தது. இலண்டனிலிருந்து பெருநகர் ஒன்றுக்கு ஓடும் பஸ்ஸில் இலாபம் மிகும். மலையோரச் சிற்றூருக்கு வாரம் இருமுறை ஓடும் பஸ்ஸில் நட்டமே வரும். இலாபப் பாதையைப் பிறர் கவராமற் காத்துத் தந்தால், அக்காவலுக்குக் கைம்மாறாக நட்டப் பாதையையும் கம்பனி ஓட்டும். நகரத்துப் பிரயாணி கொடுக்கும் மிகைக் கட்டணம் சிற்றூர்ப் பிரயாணிக்கு உதவியாகப் போய்ச் சேரும். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சதமும் காட்டாமல், எவரும் அறியாவண்ணம் அறவிடப்பட்ட வரி இது எனலாம்.

இலங்கையும் இக்கருத்திற்குப் புறம்பாக இருக்கவில்லை. ஒரே பாதையிற் பலர் முட்டி மோதிய காலத்தின் பின், 1942-ஆம் ஆண்டின் பஸ் சேவை உத்தரவுச் சட்டம் பாதைகளைத் தனி உரிமையாக வழங்க வகைசெய்தது. சிறு உரிமையாளர் பலர் கம்பனிகளாக ஒன்றுசேர்ந்தனர். தனி உரிமை பெற்ற கம்பனிகள்மீது எழுந்த குறைகளின் முடிவு, 1958 ஜனவரி முதலாந் திகதி அவையனைத்தும் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியமை.

மீண்டும் பிரித்தானியாவை நோக்குவோர், கட்டுப்பாட்டுக் காலத்தில் விளைந்த நன்மையையும் மறைத்தலாகாது. 1932-இல் இலண்டன் விக்ரோறியாவிலே நெடுவழிப் பஸ்களுக்கெனப் பெரியதொரு நிலையம் திறக்கப்பட்டது. 1934-இல் சில கம்பனிகள் தமக்குள் உடன்பட்டு, வருவாயைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டமைப்பு ஒன்றை நிறுவின. அதன் நடுநாயகமாய் விளங்கியது செல்ரன்ஹாம் என்னும் நடுத்தர ஊர். வேல்சிலிருந்தும், நடுநாட்டிலிருந்தும், மேற்கிலிருந்தும், தென்கரையிலிருந்தும் வரும் பஸ்கள் நண்பகலில் அங்கே வந்து கூடும். பிரயாணிகள் இறங்கி, உணவருந்தி, தாம் செல்லவேண்டிய திசைக்குரிய பஸ்ஸில் மாறி ஏறுவர். பிற்பகல் இரண்டு மணிக்கு அத்தனை பஸ்களும் ஒருசேரப் புறப்படும். கோடை விடுமுறை நாட்களில் அக்காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் கூடுவராம்.

இதன் பயனைக் கணக்கினால் விளக்கலாம். பத்து ஊர்களை ஒன்றோடொன்று நேரே இணைக்க நாற்பத்தைந்து சேவைகள் வேண்டும். ஒவ்வோரூரிலிருந்தும் நடுவே ஓரூருக்கு ஒரு சேவை விட்டு, அங்கே மாற்றி ஏற்றினால் பத்துச் சேவைகளே போதும். நாற்பத்தைந்து பாதைகளிற் பெரும்பாலானவற்றிற்கு நாளொன்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறார். அவர்களும் நடுவூர் வழியாகத் தாம் வேண்டிய ஊரை அடைந்தனர். இத்தகைய பின்னல் தனித்தனியே போட்டியிடும் பத்துப் பேரால் அமைக்கப்படுவது அரிது. ஒருவர் பஸ் வந்து சேருமளவும் மற்றவர் பஸ் காத்துநிற்றல் வேண்டும். போட்டியாளனுக்காகக் காத்துநிற்பார் யார்? பின்னே நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் திறவுகோல் இதுவே.

போருக்குப் பின்னர் பெரிய பஸ் கம்பனிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1969 ஜனவரியில் தேசிய பஸ் கம்பனி உருவாயிற்று. அதன் நெடுவழிப் பஸ்கள் 1970-களில் வெண்ணிறம் பூசப்பெற்று, நஷனல் எக்ஸ்பிரஸ் என்னும் ஒரே பெயரால் ஓடலாயின. அதற்குள் நாட்டின் நிலை மாறிவிட்டது. நெடுஞ்சாலைகள் நீண்டன, வசதியுடையோர் சொந்தக் காரில் ஏறினர், பஸ்ஸில் எஞ்சியோர் மாணவரும் முதியோரும் வறியோருமே. புதிய முயற்சி எதுவும் ஆணையாளர் மன்றத்தில் ஆட்சேபங்களைத் தாண்டி வருவது அரிதாகவே, சேவை சோம்பிக் கிடந்தது.

1979-இல் ஆட்சிக்கு வந்த மார்கிறற் தட்சரின் அரசு மறு ஆண்டே போக்குவரத்துச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மந்திரி நோர்மன் பௌலர். பிரயாணி ஏறுமிடத்துக்கும் இறங்குமிடத்துக்கும் இடையே நேர்கோட்டில் முப்பது மைலேனும் இருக்குமாயின், அச்சேவைக்கு உத்தரவு வேண்டியதில்லை என்றது அச்சட்டம். வண்டியின் தகுதி, சாரதியின் தகுதி, உரிமையாளரின் தகுதி பற்றிய விதிகள் அப்படியே நின்றன. 1980 அக்டோபர் ஆறாந் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளாக ஆணையாளர் முன் கைகட்டி நின்றோர், அன்று காலை எவரையும் கேளாது பஸ்ஸை வீதியில் விட்டனர்.

வந்தவர்களுள் முதன்மையானது பிரிட்டிஷ் கோச்வேய்ஸ் என்னும் கூட்டணி. சுற்றுலாத் தொழிலிலே பெயர்பெற்ற தனியார் கம்பனிகள் சில ஒன்றுகூடி அமைத்தது இது. பணமும் அனுபவமும் நல்ல வண்டிகளும் உடையோர் இவர். கடற்கொள்ளையர் என இகழத்தக்கவரல்லர். இலண்டனிலிருந்து பெருநகரங்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் இவர்கள் ஓடத் தொடங்கினர். நஷனல் எக்ஸ்பிரஸ் உடனே தன் கட்டணத்தையும் அவ்வளவிற்கு இறக்கிற்று. முக்கிய பாதைகள் பலவற்றிற் கட்டணம் ஏறக்குறையப் பாதியாய் வீழ்ந்தது. பிரயாணிகள் திரண்டனர். ஆயினும் கூட்டணியின் உறுப்பினர் ஒருவர்பின் ஒருவராய் விலக, 1983 அளவில் அஃது இல்லாதொழிந்தது.

இத்தோல்விக்குக் கட்டணப் போர் மாத்திரம் காரணமன்று. விக்ரோறியா நிலையம் தேசிய பஸ் கம்பனியின் உடைமை. புதியவர்க்கு அங்கே இடமில்லை. அவர்கள் இலண்டன் கிங்ஸ் குறோஸ் அருகே வெறும் முற்றம் ஒன்றிலிருந்து பஸ் விடவேண்டியதாயிற்று. ஊரிலிருந்து வரும் முதியவள் ஒருத்தி, நெடுவழிப் பஸ் என்றால் விக்ரோறியாவுக்கே போவாள். அவளுக்குத் தெரிந்த இடம் அது. மற்றொரு பஸ்ஸில் மாறி ஏறவேண்டியவரும் அங்கேதான் மாறியேற முடியும். அன்றியும், ஒவ்வொரு பட்டினத்திலும் தேசிய பஸ் கம்பனியின் உள்ளூர்க் கிளைகளுக்குச் சீட்டு விற்கும் காரியாலயங்கள் இருந்தன. இலண்டன் வந்து அங்கிருந்து வேறோர் ஊருக்குச் செல்வோர்க்கு ஒரே சீட்டு அவர்களாற் கொடுக்க முடிந்தது. கூட்டணியாரோ நேர்ப்பாதை சிலவற்றை மட்டும் வைத்திருந்தனர். சட்டம் வீதியைத் திறந்தது; நிலையத்தின் வாயில் மூடியே இருந்தது.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை உணர்ந்து, பஸ் நிலையங்களை உடையோர் பிற கம்பனிகளுக்கு ஓரவஞ்சனை செய்தலாகாது என விதித்தது. விக்ரோறியா நிலையமும் 1988-இல் இலண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்புக்கு மாறியது. அதற்குள் போட்டியாளர் வீடு சென்றுவிட்டனர். கதவைத் திறக்கும் ஒழுங்கிலே ஒன்று முன்னும் மற்றது பின்னுமாய் அமைந்த இப்பிழை, பிரித்தானியாவின் சட்டம் இயற்றினோர் செய்தவற்றுள் மிகப் பெரியது எனின் தவறாகாது. அதே 1988-இல் நஷனல் எக்ஸ்பிரஸ் தனியார்க்கு விற்கப்பட்டது. அரசின் தனியுரிமையாய் இருந்தது தனியாரின் மேலாண்மையாய் மாறிற்று.

விதிவிலக்காக ஓரிருவர் பிழைத்தனர். ஸ்கொத்லாந்திலே பேர்த் நகரைச் சேர்ந்த பிரையன் சூட்டர், ஆன் குளோக் என்னும் உடன்பிறந்தார் இருவர், பஸ் சாரதி ஒருவரின் பிள்ளைகள். சட்டம் நடைமுறைக்கு வந்த அதே மாதத்தில் அவர்கள் டண்டிக்கும் இலண்டனுக்குமிடையே இரவுச் சேவை ஒன்றை ஆரம்பித்தனர். பெரிய நிலையமும் பெருங் கூட்டமும் அவர்களிடம் இல்லை. பிரயாணிகளுக்குத் தேநீரும் சிற்றுண்டியும் கொடுத்து நற்பெயர் ஈட்டினர். அதுவே பின்னாளில் ஸ்ரேஜ்கோச் என்னும் மாபெருங் கம்பனியாய் வளர்ந்தது. ஆயினும் அவர்கள் பெருஞ்செல்வம் ஈட்டியது நெடுவழியிலன்று. 1986-இல் திறக்கப்பட்ட உள்ளூர்ச் சேவைகளிலே. 2003-இல் அவர்கள் மெகாபஸ் என்னும் பெயருடன் நெடுவழிக்கு மீண்டபோது, சீட்டு இணையவழி விற்கப்பட்டது; முந்திப் பதிவுசெய்வோர்க்கு ஒரு பவுண் முதலாகச் சீட்டுக் கிடைத்தது. முகவரும் காரியாலயமும் தேவையற்ற காலம் வந்த பின்னரே நஷனல் எக்ஸ்பிரஸுக்கு நிலைத்த எதிரி ஒருவர் தோன்ற முடிந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பிரயாணி பெற்ற பயன் என்ன? கட்டணம் குறைந்தது முதலாவது. போட்டி ஓய்ந்த பின் அது மெல்ல ஏறத் தொடங்கியதும் உண்மையே. புகையிரதச் சேவையும் விழித்துக்கொண்டு சலுகைச் சீட்டுகளை விற்கலாயிற்று. ஆகவே பஸ்ஸில் ஒருநாளும் ஏறாதோரும் இதனாற் பயனடைந்தனர். மேற்கிங்கிலாந்துக் கம்பனி ஒன்று, கழிப்பறையும் சிற்றுண்டியும் பணிப்பெண்ணும் உடைய பஸ்ஸை இலண்டனுக்கு விட்டது. நஷனல் எக்ஸ்பிரஸ் அதனை எதிர்த்து வெல்வதை விடுத்து, அக்கம்பனியையே தன்னுடன் சேர்த்துக்கொண்டு அம்முறையை நாடெங்கும் பரப்பிற்று.

இழப்பும் உண்டு. நெடுஞ்சாலை வழியே நகரத்திலிருந்து நகரத்துக்கு நேரே ஓடும் பஸ் இடைவழிச் சிற்றூருக்குள் நுழைவதில்லை. போட்டியில்லாப் பாதைகளில் ஓட்டங்கள் குறைக்கப்பட்டன. செல்ரன்ஹாமின் அப்பெரு நிலையம் 1980-களில் மூடப்பட்டது. இரண்டு மணிக் காட்சி பழங்கதையாயிற்று.

அமெரிக்காவில் இத்துன்பம் பின்னும் மிகுதி. 1982-இன் சட்டம் புதியவர் வருதற்கு வழிசெய்ததோடு, பழையவர் சிற்றூர்களை விட்டு நீங்குதலையும் எளிதாக்கிற்று. ஏராளமான ஊர்கள் தம் ஒரே பொதுப் போக்குவரத்தை இழந்தன. 1987-இல் கிறேஹவுண்ட் கம்பனி தன் பெரிய போட்டியாளரான ட்ரெயில்வேஸை வாங்கிற்று. 1991-இல் அந்நாட்டுக் காங்கிரஸ், கிராமப் போக்குவரத்துக்கு வழங்கும் நிதியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை நெடுவழிப் பஸ்களுக்கு ஒதுக்குமாறு மாநிலங்களுக்கு விதித்தது; தேவையில்லை என ஆளுநர் சான்றளித்தால் மட்டும் விலக்கு. முன்னே நகரத்துப் பிரயாணியின் சீட்டுக்குள் ஒளிந்திருந்த உதவி, இப்பொழுது அரசின் கணக்கேட்டில் வெளிப்பட எழுதப்படலாயிற்று. இதனை இழப்பென்று கொள்ளவேண்டியதில்லை. ஓர் ஊருக்குப் பஸ் வேண்டுமாயின் அதற்கு எவ்வளவு செலவு, அதனை யார் தருவது என்பது வெளிப்படையாகத் தெரிதல் நன்று. ஆயின் கணக்கேட்டில் எழுதப்படுவது வெட்டப்படவும் எளிது என்பதையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும்.

ஜேர்மனியின் கதை முப்பதாண்டுகள் பிந்தியது, போக்கு அதுவே. 1934-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுச் சட்டம் புகையிரதத்துக்கு அரணாக இருந்தது. 1961-இன் சட்டமும் அவ்வரணைக் காத்தது. புகையிரதம் போதிய சேவை செய்யும் பாதையில் நெடுவழிப் பஸ்ஸுக்கு உத்தரவு கிடையாது. விலக்குப் பெற்றது பேர்லின். நாடு பிளவுபட்டிருந்த காலத்தில் மேற்குப் பேர்லினுக்குப் பஸ் சேவை இன்றியமையாததாய் இருந்தமை காரணம். 2009-இல் மாணவர் மூவர் டைன்பஸ் என்னும் சேவையைத் தொடங்கினர். ஒரே ஊருக்குச் செல்ல விரும்புவோரை இணையவழி திரட்டி, அவர்களுக்கென ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்துவது அவர்கள் உபாயம். புகையிரத நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2011-இல் பிராங்போட் நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஊர்முழுதும் சிரிக்க, பழைய சட்டத்தின் மானம் போயிற்று.

2013 ஜனவரி முதலாந் திகதி பாதை திறந்தது. ஐம்பது கிலோமீற்றருக்குக் குறைந்த தூரத்திற்கும், புகையிரதத்தில் ஒரு மணிக்குட் செல்லக்கூடிய இடங்களுக்கும் பிரயாணிகளை ஏற்றுதல் ஆகாது என்பதே எல்லை. அரச உதவி பெறும் உள்ளூர்ச் சேவைகளைக் காத்தற்பொருட்டு விதிக்கப்பட்டது அது. 2012-இல் ஏறக்குறைய முப்பது இலட்சமாயிருந்த நெடுவழிப் பஸ் பிரயாணிகள் 2015-இல் இரண்டு கோடிக்கு மேற்பட்டனர். இடையே புகையிரதச் சாரதிகள் செய்த வேலைநிறுத்தங்கள், பஸ்ஸை ஒருபோதும் நினையாதோரையும் அதில் ஏற்றிவிட்டன. கனரக லொறிகளுக்கு 2005 முதல் விதிக்கப்பட்ட வீதிச் சுங்கம் பஸ்களுக்கு இல்லாமையும் கட்டணம் தாழ்ந்திருக்க உதவிற்று. 1920-களின் புகையிரத முறைப்பாடு இங்கே மீண்டும் எழுந்ததில் வியப்பில்லை.

களத்தில் இறங்கியோர் சிறியரல்லர். ஜேர்மன் அஞ்சல் நிறுவனம் மோட்டார்க் கழகத்துடன் கூடி வந்தது. பிரித்தானியக் களத்தை வென்ற நஷனல் எக்ஸ்பிரஸும் வேறு பெயருடன் வந்து, ஈராண்டு நில்லாது 2014-இல் திரும்பிற்று. சட்டத்துக்கு வழிகாட்டிய டைன்பஸ் அதே ஆண்டு முறிந்தது. 2015-இல் இளைஞர் நடத்திய பிளிக்ஸ்பஸ், மைன்பேர்ன்பஸ் என்னும் இரு கம்பனிகள் ஒன்றாயின. மறு ஆண்டு அஞ்சல் நிறுவனத்தின் சேவையும், மெகாபஸ்ஸின் ஐரோப்பியச் சேவையும் அவர்கள் கைக்கு வந்தன. சந்தையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒரே பச்சை நிறப் பஸ் ஆயிற்று.

இவ்வெற்றியின் தன்மை நோக்கத்தக்கது. பிளிக்ஸ்பஸ் கம்பனிக்குச் சொந்தமாகப் பஸ் இல்லை என்றே கூறலாம். பஸ்ஸும் சாரதியும் ஆங்காங்குள்ள சிறு குடும்பக் கம்பனிகளுடையவை. நேர அட்டவணை, சீட்டு விற்பனை, விலை, பெயர், நிறம் ஆகியவை மட்டும் நடுவிடத்தில் இருந்தன. செல்ரன்ஹாமிலே கட்டடமாய் நின்ற பின்னல் இங்கே கணிப்பொறியுள் நின்றது. வண்டி வாங்குதல் எளிது. பின்னலை வாங்குதல் எளிதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்கப் பொருளியலார் போமோல், பன்சார், வில்லிக் ஆகிய மூவர் 1982-இல் வெளியிட்ட கொள்கை ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. சந்தையில் ஒருவரே இருப்பினும், பிறர் எளிதில் உட்புகவும் நட்டமின்றி வெளியேறவும் இயலுமாயின், அவ்வொருவர் விலையை ஏற்ற அஞ்சுவார் என்பது அதன் சாரம். பஸ் தொழிலே இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டுப்போலத் தோன்றும்; பஸ்ஸை நாளை வேறு பாதைக்குத் திருப்பலாமன்றோ? ஆயின் விளம்பரத்திலும் பெயரிலும் நிலையத்திலும் இட்ட பணத்தை யாரும் திருப்ப முடியாது. 2019-இல் பிரெஞ்சு நிறுவனமொன்று ஜேர்மனியில் புகுந்தபோது சீட்டு விலைகள் சரிந்ததும், அதன் முன் சில ஆண்டுகள் அத்துணைப் பெரிய எதிரி எவரும் வாராதிருந்ததும் இக்கொள்கையின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டுகின்றன. சூட்டரின் இரவு பஸ்ஸையும் மாணவர் மூவரின் உபாயத்தையும் நினைப்போர், கதவு திறந்திருத்தல் வீண் என்று கூறார். பழைய ஆணையாளர் மன்றத்தில் அவ்விரண்டும் பிறந்தே இரா.

நிலையம் பற்றிய சிக்கல் ஜேர்மனியிலும் தலைகாட்டிற்று. கொலோன் மாநகரம் 2015-இல் நெடுவழிப் பஸ்களை நடுநகர்ப் புகையிரத நிலையத்தருகிலிருந்து விமான நிலையத்துக்கு அகற்றியது. சந்தடியும் நெருக்கடியும் காரணம். சீட்டு மலிவென்று வந்த மாணவன், நகருக்குள் வர மீண்டும் ஒரு சீட்டு வாங்கவேண்டியதாயிற்று. தரக் கட்டுப்பாடோ தளராது இறுகிற்று. சக்கர நாற்காலியில் வருவோர் இருவர்க்கு ஒவ்வொரு நெடுவழிப் பஸ்ஸிலும் இடம் இருத்தல் வேண்டும் என்னும் விதி 2016 முதற் புதிய பஸ்களுக்கும் 2020 முதல் எல்லாப் பஸ்களுக்கும் ஏற்பட்டது. தொகையைத் திறந்துவிட்டே தரத்தை உயர்த்தலாம் என்பதற்கு இது சான்று.

இலங்கை இந்நாடுகளைப்போல நெடுவழியை முற்றத் திறந்ததில்லை. 1979-இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடம் கொடுக்கப்பட்டது. 1991-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவே மாகாணங்களுக்கிடையே ஓடும் பஸ்களுக்கு உத்தரவு வழங்குகின்றது. பெரும்பாலும் ஓரிரு பஸ் உடையோரே உரிமையாளர். பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிசு சரிய, ஒதுங்கிய கிராமங்களுக்கான கெமி சரிய என்னும் சேவைகளுக்கு ஆணைக்குழு வெளிப்படையாகப் பண உதவி செய்கின்றது. அமெரிக்கர் 1991-இற் கண்ட வழியை ஒத்தது இது. ஆகவே இங்கு உள்ள வினா, திறப்பதா மூடுவதா என்பதிலும், அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே பின்னலாய் இயங்குவது எவ்வாறு என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. கொழும்பிலிருந்து இரவு புறப்பட்டு விடியலில் யாழ்ப்பாணம் வந்திறங்கும் ஒருவருக்கு, தீவகத்துக்கோ வடமராட்சிக்கோ செல்லும் அடுத்த பஸ் எங்கே நிற்கும், எப்போது புறப்படும் என்பதே முதற் கவலை. 2021-இல் யாழ்ப்பாண நகரிலே நெடுந்தூரப் பஸ்களுக்கெனத் தனி நிலையம் திறக்கப்பட்டது. அரச சேவையும் தனியார் சேவையும் அந்நிலையத்திலிருந்தே ஒரே நேர அட்டவணைப்படி புறப்படுதல் பற்றி எழுந்த வாதம், நிலையம் திறந்த பின்னரும் எளிதில் ஓயவில்லை.